தறிச் சத்தத்தில் போன குரல்

எனக்கு வாய் அதிகம். இது நானாகச் சொல்லிக்கொள்வதில்லை, எங்கள் தெருவே சொல்லும். ஆந்திர எல்லையில் இருக்கிற எங்கள் நகரியில் தண்ணீர் லாரி வருகிற நாளில் நான் குடத்தோடு இறங்கினால், முன்னால் நிற்கிற பெண்கள் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வார்கள். அப்படிப்பட்டவளுக்குப் பேச்சு போய்விட்டது என்று கேள்விப்பட்டதும் எத்தனை பேர் மனசுக்குள் "நல்லா வேணும்" என்று சொன்னார்களோ தெரியாது. சொல்லிவிட்டுப் போகட்டும். நேரில் வந்து சொன்னால்கூடத் திருப்பிக் கொடுக்க இப்போது என்னிடம் ஒன்றுமில்லை. பேச முடியாததால் எழுதுகிறேன். பத்தாவது வரை தமிழில் படித்தது இதற்காவது உதவுகிறது.

எங்களுடையது தறி ஓடுகிற வீடு. முன்னறையில் விசைத்தறிகள், பின்னால் சமையலறை, நடுவில் நாங்கள். தறி என்று யாரும் சொல்வதில்லை, லூம் என்றுதான் சொல்வோம். பக்கத்து வீட்டிலும் லூம், எதிர்வீட்டிலும் லூம். காலையில் சுவிட்சைப் போட்டால் கரெண்ட் இருக்கிற வரைக்கும் அந்தச் சத்தம்தான். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால் காதைப் பொத்திக்கொண்டு, எப்படித்தான் இதில் குடித்தனம் செய்கிறீர்களோ என்பார்கள். எங்களுக்கு அது சத்தமாகவே தெரியாது. ஓர் இழை அறுந்து சத்தம் லேசாக மாறினால் மட்டும் தூக்கத்திலிருந்துகூட எழுந்துவிடுவோம்.

இந்தச் சத்தத்தில் தொண்டையைக் கிழித்துக்கொண்டு பேசுகிறவன் பைத்தியக்காரன். தறி வீட்டில் பேச்சு உதட்டில் நடக்கும். நான் சமையலறை வாசலில் நின்று உதட்டை அசைத்தால், என் வீட்டுக்காரர் தறிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே படித்துவிடுவார். சாப்பிட வா, சிலிண்டர் தீர்ந்துபோச்சு, உன் தங்கச்சி போன் பண்ணா, எல்லாம் உதடுதான். சண்டையும் அப்படித்தான். நான் திட்டுவது பிடிக்காவிட்டால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அதோடு சண்டை முடிந்தது. சித்தூரில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் வீடியோ காலில்தான் கூப்பிடுவாள். எங்கள் வீட்டுச் சத்தம் அவள் வீட்டைத் தூக்கிவிடும் என்று வால்யூமைக் குறைத்துவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பேசும்போது எங்களுக்குக் குரலும் வரத்தான் செய்யும். அது வருகிறதா, எப்படி வருகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

அதனால் என் குரல் போய்க்கொண்டிருந்தது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை. தொண்டையில் என்னவோ ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. பஞ்சுத் தூசி என்று நினைத்து மிளகுக் கஷாயம் வைத்துக் குடித்தேன். காய் விற்கிற அம்மா, "இன்னாமே, தொண்டை கட்டிக்கினுச்சா?" என்று கேட்பாள். லூம்காரர்கள் தொண்டை கரகரவென்றுதான் இருக்கும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம், அவளும் அதற்குமேல் கேட்கமாட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வெற்றிலையோடு கொஞ்சம் புகையிலை போடுகிற பழக்கம் எனக்கு உண்டு. இல்லாவிட்டால் வேலை ஓடாது. அன்றைக்கு அதைப் பற்றி யார் நினைத்தார்கள்?

ஒருநாள் லைன் வேலை என்று காலையிலிருந்தே கரெண்ட் இல்லை. தெரு முழுக்க லூம் நின்றுபோனது. இவர் முன்னறையில் உட்கார்ந்து தறிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் உள்ளேயிருந்து, "டீ போடட்டா?" என்றேன்.

"யாரு வந்துகீறாங்க?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து வந்தார். யாரோ ஆம்பிளை வந்திருப்பதாக நினைத்து, தோளில் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டே வந்தார்.

"யாரும் வரல. நான்தான்யா பேசுறேன்."

சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். "இன்னொரு தபா பேசு" என்றார். பேசினேன். "எப்போலேர்ந்து இப்பிடிக் கீது?" என்றார். இன்னாத்தைக் கண்டேன் என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். சிரிப்பும் தகரத்தை இழுக்கிற மாதிரிதான் வந்தது. அது என் காதிலேயே விழுந்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று. அன்றைக்கு டீ போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

பேருக்குத்தான் நாங்கள் சித்தூர் ஜில்லா. உடம்புக்குப் பெரிதாக என்ன வந்தாலும் திருப்பதிக்குத்தான் ஓடுவோம். புத்தூர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினால் பாதிப் பேர் மொட்டையடித்தவர்கள், மீதிப் பேர் கையில் எக்ஸ்ரே கவர் வைத்திருப்பவர்கள். ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டு டிவியில் காட்டினார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு துணுக்கை வெட்டி டெஸ்டுக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வந்த அன்று டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் இவர் முகத்தைப் பார்த்து, "முந்தே ராவால்சிந்தி கதம்மா" என்று என்னிடம் சொன்னார். முன்னாலேயே வந்திருக்க வேண்டாமா என்று கேட்கிறார். முன்னாலேயே வந்திருந்தால் கரெண்ட் வைத்தே, அதுதான் ரேடியேஷன், பார்த்திருக்கலாமாம். இப்போது குரல்வளையை மொத்தமாக எடுத்தாக வேண்டும். கழுத்தில் ஒரு ஓட்டை போடுவார்கள், இனி மூச்சு அதன் வழியாகத்தான். உயிர் இருக்கும், குரல் இருக்காது.

"நான் மாட்டேன்" என்று எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

இவர் பின்னாலேயே வந்தார். படிக்கட்டில் என் கையைப் பிடித்து, "பேசலன்னா இன்னாமே? உசுரு இருந்தா போதாதா?" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "உனக்குப் போதும்யா! உனக்கு ஏன் போதாது? ஆயிரம் இழையில ஒண்ணு அறுந்தா துன்னுக்கினு இருந்த சோத்த வுட்டுட்டு ஓடுற. வூட்டுல ஒருத்தி தொண்டை அறுந்துக்கினே கீது, அது உன் காதுல வியல!" என்று கத்தினேன். கத்தினேன் என்று நான்தான் சொல்கிறேன், வந்ததென்னவோ காற்றும் கரகரப்பும்தான். ஆனால் அங்கே லூம் இல்லையே. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் என் கையை விட்டுவிட்டார். "உனக்கே வியலியேமே" என்று மட்டும் சொன்னார். அப்படியே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டோம். மகள் சித்தூரிலிருந்து வந்து என் மடியில் தலையை வைத்து அழுதாள். அவள் அழுதால் எனக்குத் தாங்காது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஆபரேஷனுக்குத் தேதி சில வாரம் தள்ளிக் கொடுத்தார்கள். அதற்குள் ஒரு வகுப்புக்குப் போகச் சொன்னார்கள். என்னை மாதிரிக் காத்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு மனசைத் தேற்றுகிற வகுப்பாம். நடத்தியது கண்ணாடி போட்ட சின்னப் பெண், திருப்பதியிலேயே யுனிவர்சிட்டியில் படித்துவிட்டுப் புதிதாக வேலைக்கு வந்தவள். மைண்ட்ஃபுல்னெஸ் என்று ஆரம்பித்தாள். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த வார்த்தையை விட்டுவிட்டுத் தெலுங்குக்கு வந்துவிட்டாள். ஆளுக்கொரு உலர்ந்த திராட்சை கொடுத்தாள். பாருங்கள், தொடுங்கள், வாயில் போடுங்கள், "நமலவத்து", மெல்லக்கூடாது என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் விழுங்கிவிட்டேன். பக்கத்தில் இருந்த காளஹஸ்திக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். அந்தப் பெண் கோபப்படாமல் எனக்கு இன்னொன்று கொடுத்தாள்.

செய்கிற வேலையில் "தியாச" வையுங்கள் என்றாள். தெலுங்கில் கவனத்துக்கு அப்படித்தான் சொல்வார்கள். பல் தேய்க்கும்போது பல்லில், பாத்திரம் தேய்க்கும்போது பாத்திரத்தில், நடக்கும்போது காலில். நடந்துபோனதையும் நடக்கப்போவதையும் விட்டுவிட்டு இப்போது இருப்பதைக் கவனிக்க வேண்டுமாம். எனக்குச் சுர்ரென்றது. லூம்காரிக்குக் கவனம் சொல்லிக்கொடுக்க வந்துவிட்டாளா இவள்? வாழ்க்கை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஜனம் நாங்கள். அதைத் தெலுங்கில் அவளிடம் சொல்லியும் விட்டேன்.

"சரிம்மா, அப்படியானால் உங்களுக்கு வேறு வேலை தருகிறேன்" என்றாள். தினமும் கொஞ்ச நேரம் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசுங்கள், அவர் கேட்கட்டும், நீங்களும் உங்கள் குரலைக் கேளுங்கள், வேறொன்றும் செய்ய வேண்டாம் என்றாள். பஸ்ஸில் வரும்போது இவரிடம் சொன்னேன், கேலியாகத்தான் சொன்னேன். மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் இவர் போய் மோட்டார் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தார்.

கரெண்ட் இருக்கும்போது ஓடுகிற லூமை நிறுத்துவது எங்கள் தெருவில் சாவுக்கு மட்டும்தான். எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்து, "இன்னா ஆச்சி?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல, பேசிக்கினு கீறோம்" என்றார் இவர். அந்த மனுஷன் முழித்துக்கொண்டே போனார்.

நாங்கள் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். பேச ஒன்றும் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷம், பெண்ணைப் பெற்றுக் கட்டிக்கொடுத்தாயிற்று, பேச ஒன்றும் இல்லை. சிலிண்டர் புக் பண்ணணும் என்றேன். ம் என்றார். பாவு நூல் சரியில்லை என்றார். ம் என்றேன். அவர் கண் என் வாயிலேயே இருந்தது. பழக்கம், விடுமா?

"வாயப் பாக்காத. கண்ண மூடிக்கினு கேளு" என்றேன்.

மூடினார். நான் என் சின்ன வயசில் நாராயணவனம் கோயில் கல்யாண உற்சவத்தில் காணாமல்போன கதையைச் சொன்னேன். என் பாவாடை நிறம், என் அப்பா என்னைத் தேடிப் பிடித்ததும் அடித்துவிட்டு அவரே அழுதது, எல்லாம் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். முடித்துவிட்டுப் பார்த்தால் மனுஷர் தூங்கிப்போயிருந்தார். லூம் நின்றால் அவருக்குத் தூக்கம் வந்துவிடும். கையில் கிடைத்த தலையணையால் ஓங்கி ஒன்று வைத்தேன். பதறி எழுந்து, "கேட்டுக்கினுதான் கீறேன்" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

இருந்தாலும் தினமும் நிறுத்தினார். போகப் போகக் கொஞ்சம் பேச்சு வந்தது. அவருக்குத் தெரியாத விஷயம் என்னிடம் அவ்வளவு இருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. என் குரலையும் கேட்டேன். அந்தப் பெண் சொன்ன மாதிரி வார்த்தையை விட்டுவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்டுப் பார்த்தேன். கேட்கக் கேட்க எனக்குப் பயம்தான் வந்தது. ஒவ்வொரு நாளும் குரல் கொஞ்சம் குறைந்துகொண்டு வந்தது. கவனித்தால் மனசு அமைதியாகும் என்று வகுப்பில் சொன்னார்கள். கவனிக்காமல் இருந்தபோதுதான் நான் அமைதியாக இருந்தேன்.

ஒருநாள் இவர் போனை எடுத்து என் முன்னால் வைத்தார். "இதுல பேசு, புடிச்சி வெச்சிக்கிறேன்" என்றார்.

"எதுக்கு?"

"அப்பால கேக்கறதுக்கு."

"கெட்டுப்போனதப் புடிச்சி வெச்சி இன்னா பண்ணப்போற? நல்லா இருந்தப்போ எங்க போயிருந்த?" என்று போனைத் தள்ளிவிட்டேன். சரி என்று எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். அவருக்கு வற்புறுத்தத் தெரியாது. அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

மீதியிருந்த குரலில் நான் ஒன்று சொல்லவேண்டியிருந்தது. மகள் பிறந்தபோது நான் அழுதேன். பெண் பிறந்ததற்கு அழுதாள் என்று என் மாமியார் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுத்தான் அவள் வளர்ந்தாள். கோபம் வரும்போதெல்லாம், "நான் பொறந்ததுக்கே அழுதவதானே நீ" என்பாள். அதற்கு அழவில்லை நான். பிரசவத்தில் செத்துவிடுவேன் என்று நினைத்திருந்தேன், பிழைத்துக்கொண்டேன், அவள் கை என் மார்பில் பட்டது, அதற்கு அழுதேன். இதை உதட்டை அசைத்து எப்படிச் சொல்வது? வீடியோ காலில் சொல்கிற பேச்சா இது? ஆபரேஷனுக்கு முன்னால் அவள் வருவாள், கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும், என் குரலில் கடைசியாக வெளியே வருவது அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவைத்திருந்தேன். பாத்திரம் தேய்க்கும்போது பாத்திரத்தைக் கவனிக்காமல் இதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் அன்று காலையில் மகள் வந்த பஸ் சந்திரகிரிக்கு முன்னால் எங்கேயோ நின்றுவிட்டது. இவர் போனில் அவளோடு பேசிப் பேசி, "இதோ வந்துட்டா, ஆட்டோ ஏறிட்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பச்சைத் துணி கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். வாயைத் திறக்கவே இல்லை. நர்ஸ் பேர் கேட்டபோதுகூடக் கையில் கட்டியிருந்த பட்டையைக் காட்டினேன். இருப்பதைச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தேன். இவருக்குப் புரிந்ததோ என்னவோ, என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தள்ளுவண்டி வந்துவிட்டது. வராந்தாவில் என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது, தூரத்தில் அந்தக் கடைசியிலிருந்து மகள் ஓடி வருவது தெரிந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வருகிறாள். தலையைத் தூக்கினேன். வந்துவிடுவாள், சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து வண்டி திரும்பி, நிலைக்கதவில் என் முழங்கை இடித்தது. எலும்பில் பட்டுக் கண்ணில் பொறி பறந்தது.

"பாத்துத் தள்ளுப்பா, சனியனே!" என்றேன்.

கதவு மூடிக்கொண்டது. உள்ளே மூக்கில் எதையோ வைத்து மூடிவிட்டார்கள். இந்த உலகத்தில் நான் வாய்விட்டுப் பேசிய கடைசிப் பேச்சு, யாரென்றே தெரியாத ஒரு தள்ளுவண்டிக்காரருக்கு. அந்த ஆளும் பாவம், "சாரிம்மா" என்றுதான் சொன்னார். அப்புறம் மகளிடம் சொல்ல வைத்திருந்ததை எழுதிக் காட்டினேன். படித்தாள். "சரிம்மா, இப்போ எதுக்கு அதெல்லாம், ரெஸ்ட் எடு" என்று பேப்பரை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். எழுத்தில் அது ஒன்றுமே இல்லாமல் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு கவனத்துக்குக் குறைவே இல்லை. குளிக்கும்போது ஒரு சொம்பு தப்பாக ஊற்றினால் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும், அதனால் ஒவ்வொரு சொம்பும் பார்த்துப் பார்த்துத்தான். மூக்கில் மூச்சு இல்லாததால் வாசனை இல்லை. பால் பொங்குவதும் குழம்பு அடிபிடிப்பதும் கண்ணால் பார்த்தால்தான் உண்டு, அடுப்பை விட்டு நகர முடியாது. சூடான டீயை ஊத முடியாது, தானாக ஆறுகிற வரைக்கும் அதன் முன்னால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். முழுங்கும்போது சோற்றைத் தவிர வேறு நினைப்பு கூடாது. வகுப்பில் அந்தப் பெண் என்னென்ன சொன்னாளோ அத்தனையும் இப்போது நான் செய்கிறேன். செய்யாவிட்டால் செத்துப்போவேன், அவ்வளவுதான்.

பேசுவதற்கு ஒரு மெஷின் இருக்கிறது என்று காட்டினார்கள். கழுத்தில் வைத்து அழுத்தினால் பேட்டரி தீர்ந்த ரேடியோ மாதிரி ஒரு சத்தம் வரும். வாங்கி ஒருநாள் பேசிப் பார்த்துவிட்டுப் பீரோவில் வைத்துவிட்டேன். லூம் ஓடுகிற வீட்டில் அது எதற்கு? உண்மையைச் சொன்னால், லூம் ஓடும்போது எங்கள் வீட்டில் எதுவுமே மாறவில்லை. நான் உதட்டை அசைக்கிறேன், இவர் படிக்கிறார். எதிர்வீட்டுக்காரி வந்தால் அவளும் படிக்கிறாள், உட்கார்ந்து வம்பு பேசிவிட்டுப் போகிறாள். தூசி ஆகாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் நான் முன்னறைப் பக்கம் போவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் தட்டைத் தட்டுவேன், இவர் சமையலறை வாசலுக்கு வந்து என் முகத்தைப் பார்த்து நிற்பார். கரெண்ட் போனால்தான் பயமாக இருக்கும். அப்போது மட்டும்தான் நான் ஊமை.

செக்கப்புக்குத் திருப்பதி போனபோது மறுபடியும் அந்த வகுப்பில் உட்காரவைத்தார்கள். ஆபரேஷன் முடிந்தவர்கள் எல்லோரும் கழுத்தில் துணி கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்திருந்தோம். காளஹஸ்திக்காரரைக் காணோம். கேட்கலாம் என்று நினைத்தேன், கேட்கவில்லை. அந்தப் பெண் கண்ணை மூடச் சொன்னாள். "மூக்கு நுனியில் காற்று போவதையும் வருவதையும் கவனியுங்கள்" என்றாள், பழக்க தோஷத்தில். சொன்னவுடனே அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் கண்ணைத் திறந்து பார்த்தேன், கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், கண்ணில் தண்ணீர். எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கியது. கழுத்தைத் தொட்டுக் காட்டி, பரவாயில்லை, இங்கே கவனிக்கிறோம் என்று கையாலேயே சொன்னேன்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு வேறு சொல்லிக்கொடுத்தாள். உங்களுக்குப் பிடித்த ஒருவர் பேரை மனசுக்குள் கூப்பிடுங்கள், "மீ கொந்துதோ", உங்கள் குரலிலேயே, பழைய குரலில், உள்ளே அது அப்படியேதான் இருக்கும் என்றாள். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். சிலர் முகத்தில் சிரிப்பு வந்தது. நானும் கண்ணை மூடி மகளைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பேர் வந்தது. குரல் வரவில்லை. எப்படியெப்படியோ முயற்சி செய்தேன். கடைசி வாரங்களின் கரகரப்பு வந்தது. அதற்கு முன்னால் போனால் லூம் சத்தம் மட்டும்தான் இருந்தது. அந்தச் சத்தத்துக்குள் என் வாய் அசைகிறது, அதற்குமேல் ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து போனில் தேடினேன். மகள் கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது, அவள் வந்து போனபோது எடுத்தது, நிறைய வீடியோ இருந்தது. எல்லாம் எங்கள் வீட்டில் எடுத்தவை. எதைத் தொட்டாலும் லூம்தான் பேசுகிறது. கல்யாண வீடியோவில் மேளம். எங்காவது ஓர் இடத்தில் நான் பேசுவது கேட்காதா என்று போனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை பார்த்தேன்.

மறுநாள் மத்தியானம் இவர் சாப்பிட உட்கார்ந்தார். முன்னறையில் லூம் ஓடிக்கொண்டிருந்தது. தட்டில் சோறு போட்டுவிட்டு, அவர் கையைத் தட்டி நிமிரவைத்தேன்.

"நல்லா இருந்தப்போ என் கொரலு எப்பிடி இருந்திச்சி?" என்று உதட்டால் கேட்டேன்.

ஒரு வார்த்தை விடாமல் படித்தார். பிசைந்த கை அப்படியே நின்றது. சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார். நிஜமாகவே யோசித்தார், அவ்வளவு நேரம் அவர் எதையும் யோசித்து நான் பார்த்ததில்லை. அந்தக் கரகரத்த குரல் ஞாபகம் இருக்கிறது என்றார். அது இல்லை, அதற்கு முன்னால் என்றேன். கல்யாணமான புதிதில். மகள் சின்னவளாக இருந்தபோது.

"தெரிலியேமே" என்றார். அவர் உதடு நடுங்கியதால் படிக்கக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. "அப்பெல்லாம் லூமு ஓடிக்கினே இருந்திச்சே."

பொய் சொல்லியிருக்கலாம் அவர். நல்லா இருந்திச்சி, கணீர்னு இருந்திச்சி என்று எதையாவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன்.